டேக்கை வைத்து ஆள் சேர்ப்பது: எண்ணினால் போதுமா, எடை போட வேண்டுமா?

அரவேனுக்காரன்:
கோத்தகிரி, கேத்தி பக்கம் காய்கறி போடுகிறவர்களுக்காக ஒரு சின்ன ஆப் செய்துகொண்டிருக்கிறேன். அரை லோடு வைத்திருப்பவர் இன்னொரு அரை லோடுக்காரரைப் பிடித்து, ஒரே பிக்கப்பில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும். பதியும்போது ஆளாளுக்கு டேக் போடுகிறார்கள்: கேரட், பூண்டு, பீட்ரூட், ஊர்ப் பெயர் என்று. எல்லாவற்றையும் யூசர் டேபிளில் ஒரே ஃபீல்டில் கமா போட்டு வைத்திருக்கிறேன், லைக் (கேட்ட எழுத்துகள் எங்கே வந்தாலும் பிடித்துத் தரும் தேடல்) வைத்துத் தேடுகிறேன். ‘பூ’ என்று டேக் போட்ட கார்னேஷன்காரருக்குப் பூண்டுக்காரர்கள் மொத்தமும் வரிசை கட்டி நிற்கிறார்கள்!

ஜாயின் கட்சி:
நிற்கத்தானே செய்வார்கள், பூண்டின் முதல் எழுத்தே பூ. கமாவைத் தூக்கிப் போடுங்கள். 1970-ல் எட்கர் காட், டேட்டாவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை எழுதியபோதே, ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்புதான் என்பது பேச்சுக்கு வந்துவிட்டது. யூசருக்கு ஒரு டேபிள், டேக்குக்கு ஒன்று, இன்னாருக்கு இன்ன டேக் என்று சொல்ல மூன்றாவது ஒன்று. அந்த மூன்றாவதைத் தன்னோடு தானே ஜாயின் செய்யுங்கள், அதாவது வரிக்கு வரி பொருத்துங்கள்: டேக் ஐடி ஒன்றாக இருக்கணும், யூசர் ஐடி வேறாக இருக்கணும். எதிர்ப்பக்க யூசர் வாரியாகத் தொகுக்க குரூப் பை போட்டு, கவுண்ட் எடுத்து, பெரியது மேலே வரும்படி வரிசைப்படுத்தினால் முடிந்தது. ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீ ‘யூசர், டேக்’ என்று இருக்கும், அதுவே ஒரு இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் அட்டவணை. ‘டேக், யூசர்’ என்று தலைகீழாகவும் ஒரு இண்டெக்ஸ் போட மறக்காதீர்கள். ஒரு டேக்குக்கு யார் யார் என்று தேட முதல் இண்டெக்ஸ் உதவாது.

அரே போதும்:
எறும்பு பிடிக்க யானை வலை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்தானே? டேக் ஐடிகளை இன்டிஜர் அரேயில், அதாவது ஒரே கட்டத்தில் எண்களின் பட்டியலாக வைத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் தேட உதவும் ஜின் இண்டெக்ஸ் போடுங்கள். இரண்டு பட்டியலுக்கும் பொது உறுப்பு உண்டா என்று பார்க்கும் ஓவர்லேப் ஆபரேட்டர் ஒரே வரியில் ஆளைக் காட்டிவிடும்.

ஜாயின் கட்சி:
ஓவர்லேப் ‘உண்டு, இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை டேக் ஒன்று என்று எப்படி வரிசைப்படுத்துவீர்கள்? அரே உறுப்புக்கு, அந்த ஐடி டேக் டேபிளில் இருக்கிறதா என்று காவல் காக்கும் ஃபாரின் கீயும் கிடையாது. இல்லாத டேக் ஐடி உள்ளே புகுந்தால் யார் கேட்பது?

அரே போதும்:
இன்ட்அரே என்ற போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனில் பொது உறுப்புகளை எடுத்து எண்ணவும் வழி இருக்கிறது. ஃபாரின் கீ விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நானூறு பேர் இருக்கிற ஆப்புக்கு எதை எழுதினாலும் கண் இமைக்கும் முன் பதில் வரும்.

அரவேனுக்காரன்:
நேற்று ராத்திரி மூன்று டேபிளாகப் பிரித்துவிட்டேன். பூ, பூண்டு வம்பு தீர்ந்தது. வேறு ஒன்று முளைத்திருக்கிறது. ‘கோத்தகிரி’ என்பது டேக் டேபிளில் இரண்டு தடவை இருக்கிறது. பார்வைக்கு ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

ஜாயின் கட்சி:
‘கோ’வில் இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டு துண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு. உள்ளே வாங்கும்போதே இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே இருக்கிறது. அதற்கு அப்புறம் ஒரே பெயர் இரண்டு தடவை வராதபடி டேக் பெயருக்கு யூனிக் போடுங்கள்.

அரவேனுக்காரன்:
சரியாகிவிட்டது அண்ணா. இப்போது கடைசித் தொல்லை. ஒருவர் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து 30 டேக் போட்டிருக்கிறார். யார் தேடினாலும் அவர்தான் முதலில்.

அரே போதும்:
ஜக்கார்ட் போடுங்கள். பொதுவானதை, இருவருடையதையும் சேர்த்த மொத்தத்தால் வகுப்பது; மொத்தத்தில் பொதுவானதை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். உங்களுக்கு 4 டேக். 30 டேக்காரரோடு 3 ஒத்துப்போனால் 31-ல் 3, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டே டேக் போட்டவரோடு அந்த இரண்டும் ஒத்துப்போனால் 4-ல் 2, சரி பாதி. பால் ஜக்கார்ட் தாவரவியல்காரர். ஆல்ப்ஸ் மலைச் செடிகளை இடத்துக்கு இடம் ஒப்பிட்டவர், 1901-ல். மலைக்காரன் கணக்கு நமக்கு ஒத்துவரும்.

ஜாயின் கட்சி:
அந்த இரண்டு டேக் ‘மேட்டுப்பாளையம்’, ‘கேரட்’ என்றால்? அதுதான் எல்லாரிடமும் இருக்கிறதே. அரிய டேக்குக்கு எடை கூட வேண்டும். தகவல் தேடல் ஆராய்ச்சியாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் சொன்ன வழி இது: மொத்த ஆட்களை அந்த டேக் வைத்திருப்பவர்களால் வகுத்து இயல் லாகரிதம் (ln). 400 பேரில் 380 பேரிடம் மேட்டுப்பாளையம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் எடை 0.05. 8 பேரிடம் மட்டும் பிளம்ஸ் இருந்தால் 3.9. கவுண்டை எடுத்துவிட்டு இந்த எடையின் கூட்டலை வையுங்கள், குவெரியில் மாறுவது அந்த ஒரு வரிதான்.

பாலாடா லோடு:
தம்பிகளா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எனக்கு டேபிள் தெரியாது, வண்டி தெரியும். நான் கேத்தி பாலாடா. என் லோடு குன்னூர், பர்லியார் வழியாக இறங்கும். கோத்தகிரிக்காரர் வண்டி குஞ்சப்பனை வழியாக இறங்கும். இரண்டு பேருக்கும் கேரட், இரண்டு பேருக்கும் மேட்டுப்பாளையம். உங்கள் ஆப் எங்களைச் சேர்த்துவைத்தால் நாங்கள் மண்டியில்தான் கைகுலுக்கணும். அப்புறம், டேக் வருஷம் முழுக்க இருக்கும், லோடு நாளைக்கு மட்டும்தான்.

அரே போதும்:
இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்கணும். வழியும் தேதியும் ஒத்துப்போகவே வேண்டியவை. அவை குவெரியின் ‘WHERE’ நிபந்தனைக்குப் போகட்டும். அப்படி வடித்தபின் மிஞ்சுவது ஆறு பேர். ஆறு பேருக்கு எதற்கு லாகரிதம்?

ஜாயின் கட்சி:
ஆறு பேரில் யார் முதலில் என்று சொல்லத்தான். பூண்டுக்காரருக்குப் பூண்டுக்காரர் மேலே வரட்டுமே.

பாலாடா லோடு:
வரட்டும். ஆனால் கேரட் மெஷினில் கழுவி ஈரத்தோடு மூட்டை ஏறும், வழியெல்லாம் தண்ணீர் சொட்டும். பூண்டு மூட்டையைப் பக்கத்தில் வைத்தால் மண்டியில் விலை கேட்க ஆள் இருக்காது. பூண்டுக்காரருக்கு இன்னொரு பூண்டுக்காரர் கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, கேரட்காரர் கிடைக்கக் கூடாது.

அரவேனுக்காரன்:
அப்படியானால் ‘சேரக் கூடாதது’ என்று இன்னொரு டேபிள் வைத்து, அதில் இருக்கும் ஜோடிகளைத் தள்ளிவிட நாட் எக்ஸிஸ்ட்ஸ் போடணும். ஐயா, பீன்ஸையும் கேரட்டையும் ஒரே வண்டியில் போடலாமா? கையோடு அந்தப் பட்டியலையும் சொல்லிவிடுங்கள், இன்று இரவே ஏற்றிவிடுகிறேன்.