புதுப்பிப்பு: ‘டி-யை டி-யாக மாற்ற முடியாது’ பிழை தீர்ந்தது

சிக்கல் இதுதான்: குளச்சல் மீன் ஏலக் கணக்குக்கான ஜாவா நிரலில் கூடை<டி> என்றொரு ஜெனரிக் கிளாஸ் (டி என்பது, பிறகு ஏதாவது ஒரு வகையை நிரப்பிக்கொள்ளும் இடம்). அதன் ‘சேர்’ மெத்தடில், டி#1-ஐ டி#2 ஆக மாற்ற முடியாது என்று கம்பைலர் நின்றுவிட்டது.

மெத்தட் தலைப்பில் ‘வாய்டு’க்கு முன்னால் மறுபடியும் <டி> இருந்ததே காரணம். அது கிளாஸின் டி-யை மறைத்து, அதே பெயரில் வேறொரு வகையை அறிவிக்கிறது. அந்த <டி>-யை நீக்கியதும் பிழை போய்விட்டது. பிழைச் செய்தியின் முதல் வரியோடு நிறுத்தாதீர்கள். எந்த டி கிளாஸில், எந்த டி மெத்தடில் பிறந்தது என்பது அதன் கீழேதான் இருக்கும். விடையே அந்த வரிகள்தான். உள் கிளாஸ் ‘கணு<டி>’ என்று எழுதினாலும் இதே கதி. ஸ்டாடிக் உள் கிளாஸுக்கு மட்டும் டி போலச் சொந்த வகை அளவுரு வேண்டும். அந்த அளவுருவுக்கு ‘இ’ என்று வேறு பெயர் வையுங்கள்.

அடுத்து வந்தது லிஸ்ட்<சாளை>-யை லிஸ்ட்<மீன்> கேட்கும் மெத்தடுக்குக் கொடுத்த இடம். சாளை மீன்தான் என்றாலும் கம்பைலர் மறுப்பது நியாயம்: அனுமதித்தால் அந்த மெத்தட் சாளைப் பட்டியலில் நெத்திலியைப் போட்டுவிடலாம். வாசிக்க மட்டும் என்றால் <? எக்ஸ்டெண்ட்ஸ் மீன்> (மீன் அல்லது அதன் துணைவகை), சாளையைச் சேர்க்க <? சூப்பர் சாளை> (சாளை அல்லது அதன் மேல்வகை). முதல் வகையில் ‘ஆட்’ அழைத்தால் ‘கேப்#1’ என்ற, கம்பைலரே பெயரிட்ட அறியா வகையைக் குறிப்பிடும் பிழைச் செய்தி வரும். அங்கே காஸ்ட் (கட்டாய வகை மாற்றம்) போட்டு வாயடைக்க வேண்டாம். மெத்தட் தலைப்பை மாற்றுங்கள்.