செரோட்டோனின் பசியைத் தணிக்கும் என்றால் சில மனநல மருந்துகளால் எடை கூடுவது ஏன்?

உயிர்வேதியியல் மாணவி:
உடலில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனின் பசியைத் தணிக்கும் என்று படிக்கிறோம். உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது என்றும் படிக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உணவு உள்ளே போனதும் குடல் சுரக்கும் செரோட்டோனின் இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து ‘போதும்’ என்று சொல்லிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இது சரியா? சரியென்றால், செரோட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்துகளை நெடுநாள் உட்கொள்வோரில் சிலருக்கு எடை கூடுவதும், மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் ஒலான்சபின் உட்கொள்வோர் பலருக்கு அடங்காப் பசி எடுப்பதும் எப்படி?

நரம்பியல் ஆய்வாளர்:
முதல் பகுதி சரியில்லை. குடலில் உண்டாகும் செரோட்டோனின் இரத்த–மூளைத் தடுப்பைத் தாண்டாது. அது, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் அருகிலுள்ள நுனிகளில் இருக்கும் மூன்றாம் வகை ஏற்பிகளை, அதாவது செரோட்டோனினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களை, தூண்டி, மூளைத்தண்டுக்குச் செய்தியை மட்டுமே அனுப்புகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஒண்டான்செட்ரான் அடைப்பது இந்த ஏற்பிகளைத்தான்.

நீங்கள் கேட்கும் பசித்தணிப்பு பெரும்பாலும் மூளை தானே தயாரிக்கும் செரோட்டோனினின் வேலை. மூளைத்தண்டின் நடுக்கோட்டிலுள்ள ராஃபே நரம்புத்திரள்களிலிருந்து புறப்படும் இழைகள், பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் வில்போல் வளைந்திருக்கும் ஒரு சிறு பகுதியை வந்தடைகின்றன. அங்கே பி.ஓ.எம்.சி. நரம்புக்கலங்கள் உண்ணுவதை நிறுத்தச் சொல்கின்றன, ஏ.ஜி.ஆர்.பி. நரம்புக்கலங்கள் உண்ணத் தூண்டுகின்றன. முதல் வகையில் இருக்கும் 2சி என்ற வகை ஏற்பியைச் செரோட்டோனின் தொட்டால் அந்தக் கலம் விழித்துக்கொண்டு, பசியைத் தணிக்கும் மெலனோகார்ட்டின்-4 ஏற்பியை இயக்கும் பெப்டைடை வெளியிடுகிறது. இரண்டாம் வகையில் இருக்கும் 1பி ஏற்பியைத் தொட்டால் அந்தக் கலம் அடங்குகிறது. ஒரே வேதிப்பொருள், அடுத்தடுத்த கலங்களில் எதிரெதிரான விளைவு, ஆனால் முடிவு ஒன்றே.

ஆகவே செரோட்டோனின் கூடியதா குறைந்ததா என்று கேட்பதைவிட, எந்தக் கலத்தில் எந்த ஏற்பி இயங்கியது என்று கேட்பதே பயன் தரும். ஒலான்சபின் செரோட்டோனினைக் குறைப்பதில்லை. பசியைத் தணிக்கும் 2சி ஏற்பியையும், அவ்வாறே பசியைக் குறைக்கும் ஹிஸ்டமின்-1 ஏற்பியையும் அடைக்கிறது. மனச்சோர்வு மருந்துகளின் கதை இவ்வளவு நேரானதன்று. தொடக்க வாரங்களில் பசி குறைவதுண்டு. பின்னர் எடை கூடுவதற்கு, நெடுநாள் தூண்டலால் 2சி ஏற்பி மந்தமாகிவிடுகிறது என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று.

உயிர்வேதியியல் மாணவி:
நன்றி. ஆனால் மருந்து கொடுத்த எலி குறைவாகத் தின்றால், அதற்கு வயிறு நிறைந்த உணர்வு வந்ததா அல்லது குமட்டியதா என்று எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

மருந்தியல் ஆசிரியர்:
நல்ல கேள்வி, இந்தத் துறையில் பலரும் வழுக்கி விழுந்த இடமும் இதுதான். எலியை உற்றுக் கவனித்தால் விடை கிடைக்கும். வயிறு நிறைந்த எலி தின்பதை நிறுத்தி, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்து, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். செரோட்டோனினைக் கூட்டிப் பசியை அடக்கும் ஃபென்ஃப்ளுரமின் போன்ற மருந்து இந்த வரிசையைக் குலைக்காமல் முன்கூட்டியே நடத்திவிடுகிறது. குமட்டல் தரும் பொருளோ வரிசையையே கலைத்துவிடுகிறது.

மரபணுச் சான்றும் உண்டு. 1995இல் 2சி ஏற்பி இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகள் அளவுக்கு மீறித் தின்று பருத்தன. அவற்றுக்கு வலிப்பும் வந்தது. பின்னர் அந்த ஏற்பியைப் பி.ஓ.எம்.சி. கலங்களில் மட்டும் மீட்டுக்கொடுத்தபோது மிகைத்தீனி அடங்கியது. எனக்கு இதைவிட அழகான சோதனை இத்துறையில் தெரியாது. மனிதரிலும், கடும் உடற்பருமன் கொண்ட குழந்தைகள் சிலரிடம் இதே ஏற்பியின் மரபணுவில் பழுதான மாற்றங்கள் இருப்பது 2022இல் காட்டப்பட்டது.

மருந்தாக்குவதில்தான் தொடர்ந்து அடி விழுந்திருக்கிறது. ஃபென்ஃப்ளுரமின் இதய வால்வைக் கெடுத்ததால் 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உடலுக்குள் அது மாறி உண்டாகும் வளர்சிதைப்பொருள் வால்வுத் திசுவிலுள்ள 2பி ஏற்பியைத் தூண்டியதே காரணம். 2சி ஏற்பியைக் குறிபார்த்து வந்த எடைகுறைப்பு மருந்தான லார்காசெரின் 2012இல் அங்கே அனுமதி பெற்று, நெடுநாள் ஆய்வொன்றில் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தென்பட்டதால் 2020இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 2020இல் ஃபென்ஃப்ளுரமின் அரிய வகை வலிப்புநோய் ஒன்றுக்கான மருந்தாக மீண்டும் அனுமதி பெற்றது.

உயிர்வேதியியல் மாணவி:
கடைசியாக ஒன்று: மாவுச்சத்து உண்டால் மூளையில் செரோட்டோனின் கூடும் என்பது உண்மையா?

நரம்பியல் ஆய்வாளர்:
சோதனை நிலையில் உண்மை. சாதாரணச் சாப்பாட்டில் அவ்வளவாக இல்லை. செரோட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபேன், மூளைக்குள் நுழைய வேறு சில பெரிய அமினோ அமிலங்களோடு ஒரே வாயிலில் முண்டியடிக்க வேண்டியிருக்கிறது. மாவுச்சத்தால் சுரக்கும் இன்சுலின் அந்தப் போட்டியாளர்களைத் தசைக்குள் அனுப்பிவிடுவதால் டிரிப்டோஃபேனுக்கு வழி கிடைக்கிறது. ஆனால் அதே வேளை உணவில் சிறிதளவு புரதம் இருந்தாலே போட்டியாளர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.