கட்டளை மையத்தைச் சம்பவ இடத்திலிருந்து தள்ளி அமைப்பது ஏன்?

கேள்வி (தாராவி, மும்பை):
சென்ற மழைக்காலத்தில் எங்கள் சந்தில் ஒரு கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தபோது, அக்கம்பக்கத்து இளைஞர்களோடு நானும் மீட்புப் பணிக்குச் சென்றேன். பொறுப்பு அதிகாரியின் மேசையும் வயர்லெஸ் கருவியும் சந்துக்கு வெளியே, 90 அடி சாலையில் இருந்தன. இடிபாட்டில் கல் சுமந்த எங்களுக்கு அவர் முகம்கூடத் தெரியாது. கட்டளையிடுபவர் சம்பவ இடத்திலேயே நிற்பதல்லவா முறை?

பதில் (முலுண்டு, பேரிடர் மீட்புப் பயிற்சியாளர்):
ஐயா, தள்ளி அமைத்ததே முறை. அந்தச் சந்தில் மேசை போட்டால் ஸ்ட்ரெச்சர் வரும் வழி அடைபடும். மிச்சச் சுவர் சரிந்தால் கட்டளையிடுபவரும் அதில் சிக்குவார். இடிபாட்டருகே நிற்பவருக்கு இடிபாடு மட்டுமே தெரியும். மின்சாரத்தைத் துண்டித்தாயிற்றா, ஆம்புலன்ஸ் எந்த வழியாகத் திரும்பும், அடுத்த அணி எங்கே காத்திருக்கிறது என்பதையெல்லாம் கவனிக்க ஒருவர் வெளியே இருந்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 1970-இல் பரவிய காட்டுத்தீயின்போது, அணைக்க வந்த பல துறைகள் ஒரே தலைமையின்கீழ் இயங்க முடியாமல் திணறிய அனுபவத்திலிருந்தே, யாருக்குக் கீழே யார் இயங்குவது என்பதை வகுக்கும் இந்தச் சம்பவக் கட்டளை முறை பிறந்தது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010-இல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒருவருக்குக் கீழே நேரடியாக ஐந்து பேர் இருப்பது உகந்தது என்பது இந்த முறையின் கணக்கு. ஆகவே அவர் முகம் உங்களுக்குத் தெரியாததில் பிழையில்லை; உங்கள் அணிக்குத் தலைவர் யார் என்று எவரும் சொல்லாததுதான் பிழை.

பதில் (சயான், ராணுவ சிக்னல் பிரிவில் பணியாற்றியவர்):
போர்க்களத்தில் இந்த இடைவெளிக்கு வேறொரு காரணமும் உண்டு. வயர்லெஸ் அலையைப் பின்தொடர்ந்தே எதிரி குறிவைப்பான் என்பதால், ஆண்டெனாவைக் கூடாரத்திலிருந்து தொலைவில் நட்டு, கேபிள் இழுத்துப் பேசுவோம். நகரத்தில் அந்த அச்சம் இல்லை. கருவி செயலிழப்பதுதான் அச்சம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசியும் நின்றுபோனதை மறக்க முடியுமா? மேசைக்கும் சந்துக்கும் இடையே செய்தி கொண்டு ஓட இரண்டு பேரை முன்கூட்டியே நிறுத்தி வைப்பது நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் பின்பக்கச் சந்து வழியாக நுழைந்ததால் எங்கள் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மறுபடி சுவர் இடிந்திருந்தால் உள்ளே எத்தனை பேர் என்பதே அந்த மேசைக்குத் தெரிந்திருக்காது. இனி முதலில் அங்கே சென்று பெயரைப் பதிந்த பிறகே உள்ளே போக வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.