மைக்ல உதடு பட்டதும் சுருக்குன்னு அடிச்சுதா? வீட்டு கீபோர்டு, ஆம்ப், மிக்ஸர்ல பார்த்ததை இங்க போடுங்க

தண்டையார்பேட்டை கீபோர்டு:

கையில கிட்டார், விரல் கம்பி மேல. பாட வாயைத் திறந்து மைக் வலையில உதடு பட்டதும் சுருக்! பாடினவர் உதட்டைப் பிடிச்சுக்கிட்டு கீழ உட்கார்ந்துட்டார்.

கிட்டார் ஆம்ப் ஹால் பிளக்ல இருந்தது. மிக்ஸர் பெட்ரூம்ல இருந்து இழுத்து வந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல. மல்டிமீட்டரை ஏ.சி.ல வச்சு ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலயும் இன்னொரு முனையை மைக் வலையிலயும் வச்சா 108 வோல்ட். மெயின் சுவிட்சை இறக்கிட்டு ஹால் சுவிட்ச் பாக்ஸைக் கழட்டிப் பார்த்தா, மூணு துளை இருக்கிற சாக்கெட்ல எர்த் ஸ்க்ரூ புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. அதுல வயரே போகல. வீடு கட்டின நாள்ல இருந்தே அப்படித்தான் இருந்திருக்கணும்.

எர்த் இல்லாத ஆம்ப்ல உள்ள இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் ரெண்டும் 230 வோல்ட்டைப் பாதியாப் பிரிச்சு பாடிக்குக் குடுக்கும். அதனாலதான் மீட்டர்ல நூறுக்கு மேல காட்டுது. அந்தக் கெப்பாசிட்டர் நல்லா இருக்கிற வரைக்கும் வர்ற கரன்ட் ஒரு மில்லி ஆம்பியர்கூட இருக்காது, சுருக்கோட போயிடும். ஆனா ட்ரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் விட்டாலோ உள்ள ஒரு ஃபேஸ் வயர் கழண்டு பாடியில பட்டாலோ, அதே கம்பியில முழு 230 நிக்கும். மைக் பக்கம் எர்த் ஒழுங்கா இருந்தா கரன்ட் கை வழியா வந்து நெஞ்சைக் கடந்து வாய் வழியா இறங்கும்.

ரெண்டையும் எர்த் இருக்கிற ஒரே சாக்கெட்ல, ஒரே பாக்ஸ்ல போட்டதும் மீட்டர்ல 0.4 வோல்ட். வீட்ல வாசிக்கிற எல்லாரும் முதல் பாட்டுக்கு முன்னாடி இந்த அளவை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

ராயபுரம் ஆர்கெஸ்ட்ரா:

நம்ம பக்கம் கதை வேற. லேப்டாப்ல இருந்து மிக்ஸருக்கு லைன் போட்டதும் ஸ்பீக்கர்ல "ஜ்ஜ்ஜ்"னு இரைச்சல், மவுஸை நகர்த்தினா அதுவும் கூடவே நகருது. சார்ஜரைப் பிடுங்கின அடுத்த நொடி கப்சிப். சார்ஜர் பிளக்ல மூணாவது பின்னை ஒடச்சு விட்டாங்க, இரைச்சல் திரும்ப வரல. ஆர்கெஸ்ட்ராவுல பாதிப் பேர் இப்படித்தான் ஓட்றாங்க. ஒண்ணும் ஆகல.

வியாசர்பாடி சர்வீஸ் பெஞ்ச்:

ராயபுரம் அண்ணா, மன்னிக்கணும், இதை அப்படியே விட முடியாது. மேல தண்டையார்பேட்டைத் தம்பி 108 வோல்ட்னு எழுதியிருக்கிறதும் நீங்க ஒடச்ச பின்னும் ஒரே விஷயம். பெஞ்சுக்கு வந்த ஒரு பவர்டு மிக்ஸர்ல பின் ஒடச்ச இடத்தை ஃபெவிக்விக் வச்சு அடைச்சிருந்தாங்க. உள்ளே ஃபேஸ் வயரோட மேல்தோல் மெட்டல் ஓரத்துல உராஞ்சு செம்பு தெரியுது. இன்னும் அரை மில்லிமீட்டர் உராஞ்சிருந்தா பாடி முழுக்கக் கரன்ட்.

அந்த இரைச்சலுக்குக் காரணம் எர்த் லூப். லேப்டாப்புக்கு ஒரு எர்த் வழி, மிக்ஸருக்கு இன்னொரு எர்த் வழி, ரெண்டுக்கும் நடுவுல ஆடியோ வயரோட ஷீல்டு, அதாவது சிக்னல் கம்பியைச் சுத்தியிருக்கிற உலோக உறை. ரெண்டு எர்த்துக்கும் இடையில கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தா ஷீல்டுல கரன்ட் ஓடும், மிக்ஸர் அதையும் பாட்டுன்னு நினைச்சுப் பெருக்கும். வெட்ட வேண்டிய இடம் ஆடியோ லைன். மெயின்ஸ் பக்கம் கை வைக்கவே கூடாது.

முதல்ல எல்லாத்தையும் ஒரே பாக்ஸ்ல போடுங்க, பாதி இரைச்சல் அங்கேயே போயிடும். கீபோர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல யு.எஸ்.பி. வயர் போட்டா அதுவே ஒரு லூப். கீபோர்டுல வட்டமான 5 பின் மிடி சாக்கெட் (எந்தக் கீ அடிச்சோம்னு தகவல் அனுப்புறது) இருந்தா அதை எடுங்க. 1983ல வந்த அந்த மிடி முறையில, வாங்குற பக்கம் ஆப்டோகப்ளர் இருக்கும். சிக்னல் ஒளியாத் தாண்டுது, ரெண்டு கருவிக்கும் மின்தொடர்பே கிடையாது, லூப் உருவாகவே வழியில்ல. வயர் 15 மீட்டர் வரைக்கும் போகலாம். லேப்டாப் ஆடியோவுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ், அதாவது லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல மாட்டுற சின்னப் பெட்டி, போடுங்க. அதுல இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் சிக்னல் வயரோட ஷீல்டை மட்டும்தான் விடும், மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. டி.ஐ. பாக்ஸ் வாங்கும்போது உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, கிரவுண்ட் லிஃப்ட் இருந்தும் வேலை செய்யாதவை பெரும்பாலும் அங்கேதான் தோத்துப்போகுது.

இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு காதாலேயே பிரிக்கலாம். 61 கீ கீபோர்டுல இடது கோடி 'சி'யில இருந்து மேல வரும்போது முதல் 'ஜி' 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதோட கிட்டத்தட்ட ஒத்துப்போனா அது 100 ஹெர்ட்ஸ்: ஆம்ப்ல ஏ.சி.யை டி.சி.யாக்குற ரெக்டிஃபையருக்கு அடுத்து இருக்கிற பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் வயசாகி இருக்கலாம், மேல உப்பியிருக்கான்னு பாருங்க. அதைவிட ஒரு ஆக்டேவ் கீழ, உறுமல் மாதிரி இருந்தா 50 ஹெர்ட்ஸ்: எர்த் லூப், இல்லன்னா ஷீல்டு விட்டுப்போன வயர். மவுஸ் கூடவே மாறுற கீச்சுச் சத்தம் லேப்டாப் உள்ளே இருந்து அந்த லூப் வழியா வர்றது.

பின்னில ரெண்டே கால் இருக்கிற அடாப்டர் எல்லாம் தப்புன்னு யாரும் பயப்பட வேண்டாம். சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி அடாப்டர் மேல இருந்தா அது டபுள் இன்சுலேஷன், எர்த் தேவையில்லாமலே செஞ்சது. மூணு பின்னோட வந்ததை ரெண்டாக்கறதுதான் ஆபத்து.

காசிமேடு பேடு:

ஆக்டோபேடு, குச்சியால அடிச்சு வாசிக்கிற எலக்ட்ரானிக் டிரம். ரோலண்ட் பேடுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். அவசரத்துக்குப் பக்கத்துல இருந்த யமஹா அடாப்டரைச் சொருகியிருக்காங்க. 12 வோல்ட், நடு முனை ப்ளஸ். அதே துளையில ஜம்முன்னு உட்காரும். ஒரு பொட்டு வெளிச்சம், கருகின வாடை, அவ்ளோதான். உள்ள பாதுகாப்பு டயோடு ரெண்டாப் பிளந்து கிடந்தது. அது தன்னைக் குடுத்து போர்டைக் காப்பாத்திடுச்சு, டயோடு மாத்தினதும் பேடு பேசிச்சு. எல்லாக் கருவியிலயும் அந்த டயோடு இருக்காது. அடாப்டர் வயர்ல வெள்ளைப் பெயின்ட்ல எந்தக் கருவியோடதுன்னு எழுதிடுங்க. வோல்ட்டும் நடு முனைக் குறியும் அப்படியே ஒத்துப்போகணும், ஆம்பியர் மட்டும் கூட இருக்கலாம், குறையக் கூடாது.

பழைய வண்ணாரப்பேட்டை:

ஒரே ஒரு கீ மட்டும் கத்துற கீபோர்டு யாராவது பார்த்திருக்கீங்களா? எல்லாக் கீயையும் மெதுவாத் தொட்டா மெதுவா வருது, நடு 'எஃப்' மட்டும் எப்படித் தொட்டாலும் முழுச் சத்தம். வால்யூம் கோளாறுன்னு மூணு பேர் சொல்லி, மெயின் போர்டையே மாத்தணும்னு ஒரு கடையில விலையும் சொல்லிட்டாங்க.

கீக்குக் கீழ ரப்பர்ல ரெண்டு கருப்புப் பொட்டு இருக்கும். கீயை அழுத்தும்போது முதல் பொட்டு முதல்ல தொடும், ரெண்டாவது கொஞ்சம் தாமதமா. அந்த இடைவெளியை அளந்துதான் கருவி வேகத்தைக் கணக்குப் போடுது. மெதுவா அழுத்தினா இடைவெளி நீளம், ஓங்கி அடிச்சா ஓரிரு மில்லி செகண்ட். முதல் பொட்டுல அழுக்கு ஏறி அது தாமதமாத் தொட்டா இடைவெளி சுருங்கும், கருவி ஓங்கி அடிச்சதா எடுத்துக்கும். ரெண்டாவது பொட்டு தொடவே இல்லன்னா கீ ஊமை.

கடற்கரையை ஒட்டின வீடுகள்ல இது சீக்கிரம் வரும். காத்துல வர்ற உப்பு போர்டு மேல படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானே தண்ணியை இழுத்துக் கரையும், ராத்திரி ஈரமாகி பகல்ல காஞ்சு அடுத்த நாள் திரும்ப ஈரமாகும். அதோட புழுதியும் சேர்ந்தா ஒரு மெல்லிய படலம்.

அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துட்டு, கீபோர்டைத் துணி மேல கவுத்துங்க. அடியில இருக்கிற ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் கிடையாது, அட்டையில கீபோர்டு படம் வரைஞ்சு எடுத்த இடத்துலயே குத்தி வைங்க. நீள ஸ்க்ரூவை மாத்திப் போட்டா மேல் பக்கம் துளை விழும். ரப்பர் பட்டையைக் கையால மெதுவாத் தூக்கணும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சுக் குச்சியை நனைச்சு போர்டுல இருக்கிற கருப்புக் கட்டத்தை ஒரே பக்கமா ரெண்டு தடவை துடைக்கணும். அழுத்தித் தேய்ச்சா கார்பன் கையோட வந்துடும். ரப்பர் பொட்டைப் பஞ்சால ஒத்தி எடுத்தாப் போதும். பத்து நிமிஷம் காயவிட்டு ரப்பர் காம்பை மழுங்கின குச்சியால துளைக்குள்ள தள்ளுங்க, ஒரு காம்பு சரியா உட்காரலன்னாலும் அந்தக் கீ தடிச்சு நிக்கும்.

கொடுங்கையூர்:

மேல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஹேண்ட் சானிட்டைசரை ஆல்கஹால்னு நினைச்சு ஊத்தாதீங்க, அதுல கிளிசரின் இருக்கு, பிசுபிசுன்னு அங்கேயே தங்கிடும். கரகரன்னு சத்தம் வர்ற வால்யூம் திருகுக்குள்ள துரு எடுக்கிற எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறதும் அதே மாதிரி. ஒரு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் எண்ணெய்ல புழுதி ஒட்டி முன்னைவிட மோசமாகும். கான்டாக்ட் கிளீனர்னு தனியா கேட்டு வாங்கணும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். ஒரு சின்னப் பீச்சல், திருகை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு முப்பது தடவை சுத்தணும்.

மூடி வைக்கிற துணியும் முக்கியம். பிளாஸ்டிக் உறை போட்டா உள்ளே வேர்க்கும். பழைய பருத்தி வேட்டி ரெண்டு மடிப்பு போதும். பெட்டிக்குள்ள வைக்கிறதா இருந்தா சிலிக்கா ஜெல் 100 கிராம் பொட்டலம், நிறம் மாறினதும் காய வச்சுத் திரும்பப் போடணும். நிறம் மாறினதைக் கவனிக்காம ஆறு மாசம் விட்டா அது வெறும் கல்லு.

எர்ணாவூர்:

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தண்ணி வடிஞ்சப்புறம் அலமாரிக் கீழ்த்தட்டுல இருந்த கீபோர்டை எடுத்துச் சாய்ச்சா கீ இடுக்குல இருந்து கருப்பா எண்ணெய் கலந்த தண்ணி சொட்டுச் சொட்டா விழுது. வெயில்ல ஒரு நாள் காய வச்சுட்டு ஆன் பண்ணியிருக்காங்க. மேல காஞ்சிருந்தது, ஐ.சி.க்கு அடியில காயல. ஒரு 'டிக்', அப்புறம் டிஸ்ப்ளேயே வரல.

வெள்ளத்துல மூழ்கினதை ஆன் பண்ணிப் பார்க்கவே கூடாது. மூழ்கின அடாப்டரைத் தூக்கிப் போட்டுடணும், அதுக்குள்ள 325 வோல்ட் டி.சி. வரைக்கும் நிக்கிற கெப்பாசிட்டர் இருக்கு, அதைக் கழுவிக் காப்பாத்துற வேலை வீட்டுக்கானது இல்ல. கருவியில பேட்டரி இருந்தா உடனே எடுக்கணும், தண்ணியும் கரன்ட்டும் சேர்ந்தா செம்பு இன்னும் வேகமா பச்சையாகிக் கரையும். போர்டைக் கழட்டி, எண்ணெய் இருந்தா பாத்திரம் கழுவுற சோப் ரெண்டு சொட்டு விட்ட தண்ணியில மெல்லிய பிரஷ்ஷால ஒரு தடவை, அப்புறம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு தடவை. கடைசியா ஆல்கஹால். ஃபேனுக்கு நேரா மூணு நாள். ஹேர் டிரையர் வேண்டாம், சூடு ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் வளைச்சிடும். பேப்பர் கோன் ஸ்பீக்கர் நனைஞ்சா போனதுதான், அதை மட்டும் மாத்திக்கலாம்.

பெரம்பூர் லோகோ:

நியூட்ரல், அதாவது கரன்ட் திரும்பிப் போற வயர், கட் ஆனதை ஒருத்தரும் எழுதலையே. டியூப் லைட் எல்லாம் பகல் மாதிரி எரிஞ்சது, ஃபேன் விமானம் மாதிரி சுத்திச்சு, மீட்டர்ல 340. ஸ்பைக் கார்டுக்குள்ள இருந்த நீல வட்டு வெடிச்சுப் புகை. அதுக்குப் பின்னால இருந்த கீபோர்டு அடாப்டரும் போச்சு.

அந்த வட்டு, 275 வோல்ட் எம்.ஓ.வி., கண நேர ஸ்பைக்கைத்தான் விழுங்கும். நிமிஷக்கணக்குல நிக்கிற 340ஐ அது தாங்காது, சூடாகி வெடிக்கும். ஸ்பைக் கார்டு இருக்குன்னு நம்பி யாரும் தூங்க வேண்டாம். ஃபேஸ் வோல்டேஜ் ஏறினா தானா வெட்டுற ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் மெயின் பாக்ஸ்ல எம்.சி.பி. பக்கத்துலயே மாட்டலாம், 270க்கு மேல வெட்டுற மாதிரி வைக்கச் சொல்லுங்க. கரன்ட் போயிட்டு வந்தா ஆம்பை அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. இடி இடிச்சா சுவிட்சை ஆஃப் பண்ணினாப் போதாது, பிளக்கையே பிடுங்கணும்.

ஃபியூஸும் சொல்லிடறேன். ஆம்ப் பின்னால இருக்கிற கண்ணாடி ஃபியூஸ்ல 'டி'ன்னு போட்டிருந்தா மெதுவா எரியிறது, 'எஃப்'னா வேகமா எரியிறது. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போடக் கூடாது. சிகரெட் பாக்கெட் வெள்ளிப் பேப்பர் வச்சுச் சுத்தின ஃபியூஸ் இன்னும் பார்க்குறோம், அப்படிச் சுத்தின ஆம்ப்ல அடுத்து எரியப்போறது ட்ரான்ஸ்ஃபார்மர். ஃபியூஸ் புதுசு போட்டும் திரும்பப் போனா உள்ளே கோளாறு, மூணாவது ஃபியூஸ் போடாதீங்க. ஆன் பண்ணும்போது கீபோர்டு முதல்ல, மிக்ஸர் அடுத்து, ஆம்ப் கடைசி. ஆஃப் பண்ணும்போது ஆம்ப் முதல்ல. மாத்திச் செஞ்சா வர்ற அந்த 'பொத்' சத்தம் ட்வீட்டரைத் தின்னும்.

ராயபுரம் ஆர்கெஸ்ட்ரா:

வியாசர்பாடி, பின் விஷயம் ஒத்துக்கிறேன், பிளக்கை மாத்தியாச்சு. ஆனா வாடகை வீடு, சாக்கெட்ல எர்த்தே கிடையாது, வீட்டுக்காரர் வயரிங் பண்ண மாட்டேங்கிறார். இப்ப வாசிக்காம இருக்கிறதா?

தண்டையார்பேட்டை கீபோர்டு:

அண்ணா, முதல்ல மீட்டரால பாருங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் இருக்கு. ஃபேஸ்-எர்த் நடுவுல 60, 80ன்னு ஏதோ ஒரு எண் ஆடிக்கிட்டே இருந்தா துளை காலி.

காலியா இருந்தா ஆம்புக்கு ஒரு தனி எர்த் வயர் இழுங்க, எலக்ட்ரீஷியன் மெயின் பாக்ஸ் எர்த்துல இருந்து பச்சை வயர் ஒண்ணு இழுத்துக் குடுப்பார். நியூட்ரலையும் எர்த் துளையையும் உள்ள இணைச்சுக் குடுக்கிறேன்னு யாராவது சொன்னா அனுப்பி விட்டுடுங்க. நியூட்ரல் விட்டுப்போற அன்னிக்கு ஆம்ப் பாடி முழுக்க ஃபேஸ். தண்ணிக் குழாய்ல கட்டுறதும் வேலைக்கு ஆகாது, இப்ப எல்லாம் பிளாஸ்டிக் குழாய்.

அது ஆகுற வரைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரன்ட் கசிஞ்சா தானா வெட்டுற சுவிட்ச், போடுங்க. ஃபேஸ்ல போற கரன்ட்டும் நியூட்ரல்ல திரும்புற கரன்ட்டும் சமமான்னுதான் அது பார்க்கும், எர்த் வயர் இல்லாத வீட்லயும் வெட்டும். வெட்டுறதுக்குள்ள ஒரு அடி உங்களுக்கு விழும், அதனால எர்த்தை மறந்துடக் கூடாது. மாசம் ஒரு தடவை அதுல இருக்கிற 'டி' பட்டனை அமுக்கிப் பாருங்க, டப்புன்னு விழணும். விழலன்னா அன்னிக்கே மாத்துங்க.