மறு: பினியன் பேரிங் ‘பிரீலோடு’ – தமிழில் என்ன போடலாம்?

க. (நாமக்கல்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐடிஐ மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்காக, லாரி பின் அச்சில் பினியன் (கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) ஆயில் சீல் மாற்றுவது பற்றிச் சிறு கையேடு தயாரிக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கிரவுன், பினியன், சீல், பேரிங் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைத் தமிழாக்கினால் பையன்கள் பட்டறையில் போய் விழிப்பார்கள். ‘பிரீலோடு’ என்ற ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

பினியன் தண்டில் இரண்டு டேப்பர் பேரிங்குகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். நடுவில் நசுங்கும் குழல். நட்டை முறுக்க முறுக்கக் குழல் நசுங்கி, பேரிங்குகள் இரண்டும் நெருக்கப்படும். வண்டியில் ஒரு மூட்டைகூட ஏறாதபோதும் உருளைகள் தம் தடத்தில் அழுந்தியே இருக்கும். அந்த அழுத்தம் போதாவிட்டால் பினியன் முன்னும் பின்னும் நகர்ந்து, பல் பதியும் இடம் மாறி, ஓட்டத்தில் ஊளைச் சத்தம் வரும். அதிகமானால் பேரிங் சூடேறிக் காய்ந்து போகும். இந்த முன்கூட்டிய அழுத்தத்துக்கு என்ன பெயர்?

அகராதியில் ‘முன்சுமை’ இருக்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “முன் அச்சுல ஏறுற லோடா சார்?” என்று கேட்டான் ஒருவன். அவன் மேல் தப்பில்லை. லாரியைப் பொறுத்தவரை ‘முன்’ என்றால் கேபின் பக்கம், ‘சுமை’ என்றால் சரக்கு.

சு. எழுதியது:

அன்புள்ள க., ‘முன்சுமை’ என்பதே பிழை வடிவம். ‘ணனவல் லினம்வரட் டறவும்’ என்கிறது நன்னூல்; அதாவது வல்லினம் வந்தால் ண், ன் முறையே ட், ற் ஆகும். முற்பகல், முற்பிறப்பு, முற்காலம் போல ‘முற்சுமை’ என்றே வர வேண்டும். அப்படி எழுதினால் உங்கள் மாணவரின் குழப்பமும் தீரும். இடத்தைக் குறிப்பது முன், காலத்தைக் குறிப்பது முற்.

வே. எழுதியது:

ஐயா, அந்தப் பாகுபாடு நன்னூலில் இல்லையே! ‘முன்பணம்’ காலம்தான், நாம் ‘ன்’ போட்டுத்தான் எழுதுகிறோம். ‘முற்றம்’ இடம்தான், அங்கே ‘ற்’ இருக்கிறது.

சு. எழுதியது:

முற்றத்தின் கதை வேறு. அதைத் தனி இழையில் பேசுவோம். ‘முன்றில்’ என்பதிலிருந்து தொடங்க வேண்டும், நீளும்.

இ. (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கட பக்கம் முற்பணம், முற்பதிவு என்றுதான் எழுதுவது. ஐயா சொல்லுற ‘முற்சுமை’ எங்களுக்கு உறுத்தாது. ஆனால் ‘முற்பாரம்’ இன்னும் நல்லாயிருக்கும் என்று நினைக்கிறன், லொறியை நாங்கள் பாரவூர்தி என்றும் சொல்லுறபடியால். கராஜில எல்லாரும் ‘பிரீலோட்’ என்றுதான் சொல்லுவினம், அது வேற கதை.

வே. எழுதியது:

நான் கட்டடப் பொறியாளன். எங்கள் துறையில் ‘முன்தகைவு கான்கிரீட்’ நிலைத்துவிட்டது. ஆனால் தகைவு (ஸ்ட்ரெஸ்) இங்கே பொருந்தாது. சுமையும் பாரமும்கூடப் பொருந்தாது என்பேன். இங்கே யாரும் எதையும் தூக்கி வைக்கவில்லை, நட்டை இறுக்குகிறார்கள். ஆகவே ‘முன்னிறுக்கம்’. தனிக்குறில் முன் ஒற்று உயிர் வந்ததால் இரட்டியிருக்கிறது, சு. ஐயாவுக்கும் குறை இராது.

இன்னொன்று. பட்டறையில் நாம் அளப்பது இந்த இறுக்கத்தையே அல்ல, அதனால் சுழற்சிக்கு வரும் தடையை. ஃபிளாஞ்சில் (பினியன் தண்டின் முனையில் மாட்டும் தட்டு) 6 செ.மீ. ஆரத்தில் கயிறு சுற்றி, ஸ்பிரிங் தராசில் இழுக்கும்போது 2 கிலோ காட்டினால் 12 கிலோ-செ.மீ., அதாவது சுமார் 1.2 நியூட்டன் மீட்டர். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கையேடு குழம்பும். அளப்பதை ‘சுழல்தடை’ எனலாம்.

சு. எழுதியது:

இறுக்கம் என்பது செயலின் விளைவு. பிரீலோடு என்பது விசை. இரண்டும் ஒன்றா? போகட்டும்.

அச்சு பற்றிய பேச்சில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு 102 ‘சேம அச்சு’ என்கிறது. ஸ்டெப்னிக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே சொல் இருந்திருக்கிறது! அதே வழியில், தண்டின் அச்சுத் திசையில் வரும் விசை என்பதால் ‘அச்சழுத்தம்’ என்று முன்மொழிகிறேன்.

ப. எழுதியது:

மொழிபெயர்த்துப் பிழைப்பவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. அச்சழுத்தம் என்று அச்சகத்துக்கு அனுப்பினால், மை அதிகம் பூசச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். க. முதலில் எழுப்பிய தடையை யாரும் தொடவே இல்லை. முன்னிறுக்கத்திலும் ‘முன்’ இருக்கிறதே, மாணவன் முன்பக்க பேரிங்கை மட்டும் இறுக்கப் போக மாட்டானா? பினியனில் முன் பேரிங், பின் பேரிங் இரண்டும் உண்டு. நான் ‘உள்ளிறுக்கம்’ என்பேன். வெளியிலிருந்து எதுவும் ஏறாதபோதும் உள்ளே இருக்கும் இறுக்கம்.

வே. எழுதியது:

உள்ளிறுக்கம் மனநல மருத்துவர் எழுதும் சொல் மாதிரி இருக்கிறது, அம்மா.

ம. (சங்ககிரி) எழுதியது:

வணக்கம். நான் இலக்கணம் படித்தவன் இல்லை, பட்டறைக்காரன். எங்களிடம் ‘டைட் வை’, ‘பிளே (ஆட்டம்) எடு’ அவ்வளவுதான். சொல்லை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள். இவற்றைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

நட்டைக் கழற்றுவதற்கு முன்பே தராசு வைத்து இழுத்து அளவைக் குறிக்க வேண்டும். பிரேக் உரசக் கூடாது. கிளம்பும்போது காட்டும் அளவு இல்லை, சீராகச் சுற்றும்போது காட்டுவதுதான் கணக்கு. நட்டிலும் தண்டிலும் ஃபிளாஞ்சிலும் பஞ்ச் அடித்து வைத்தால் நல்லது. திரும்ப மாட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, சுற்றி, இழுத்துப் பார்த்து, பழைய அளவோ அதைவிட ஒரு நூல் கூடவோ வந்ததும் நிறுத்த வேண்டும். புது சீலின் உரசலும் அதில் சேரும். ஏர் கன்னை வைத்து ஒரே அடியாக இறுக்கினால் குழல் நசுங்கித் தாண்டிப் போய்விடும். அப்புறம் நட்டைப் பின்னால் தளர்த்திச் சரிசெய்வது செல்லாது. நசுங்கின குழல் எழும்பாது, புதுசுதான் போட வேண்டும். சில பெரிய வண்டிகளில் குழலுக்குப் பதில் நசுங்காத கெட்டி ஸ்பேசர் இருக்கும். அதில் நட்டை முழு டார்க்குக்கு இறுக்கிவிட்டு, ஸ்பேசர் கனத்தை மாற்றித்தான் அளவு பிடிக்க முடியும்.

சீல் ஏன் ஒழுகியது என்றும் பாருங்கள். பிரீதர் (காற்று போகும் துளை) அடைத்திருந்தால் உள்ளே காற்று அழுத்தி, புது சீலும் ஒழுகும். சீல் உதடு உரசும் இடத்தில் ஃபிளாஞ்சில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்க்கவும்.

க. எழுதியது:

ம. அண்ணன் சொன்னதைத் தனிக் கட்டமாகவே போட்டுவிடுகிறேன். நன்றி.

சொல்லுக்கு இதுவரை: முன்னிறுக்கம் பக்கம் வே., முற்சுமைக்கும் அச்சழுத்தத்துக்கும் சு. ஐயா, முற்சுமைக்குப் பாதி இ.யும், உள்ளிறுக்கத்துக்கு ப. அம்மா. நாளை திங்கள். ‘முன்னிறுக்கம்’ என்றே போகிறேன். முதல் இடத்தில் ‘பட்டறையில் பிரீலோடு என்பார்கள், முன்பக்கம் என்று பொருளல்ல’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். அளவுக்கு ‘சுழல்தடை’.

ப. எழுதியது:

‘பொருளல்ல’ என்று விளக்கம் எழுத வேண்டியிருக்கும் சொல்லைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

சு. எழுதியது:

என்னுடையதும். முற்றம் பற்றிய இழையை இரவு தொடங்குகிறேன்.

இ. எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. சில்லுப் பேரிங்கில (வீல் பேரிங்) சில வண்டிகளுக்கு இறுக்கம் வைக்காமல் துளி இடைவெளி விடச் சொல்லுறாங்கள் எல்லோ, ‘எண்ட் பிளே’ என்று. அடுத்த கையேட்டில அதுக்கு என்ன போடப் போறியள்?