வேலை போன தம்பிகளுக்கு எரேமியா 29:11 மட்டும் போதுமா?

அல்சூர்_ஜெபக்குழு:
எங்கள் வாலிபர் குழுவில் ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி பக்கம் ஐடி வேலை போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். "உனக்கென்று தேவன் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்" என்று 29:11 வாசித்தால் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரம் ஆளைக் காணோம். எந்தப் பகுதியை, எப்படித் தியானிப்பது?

குக்டவுன்_வேதபாடம்:
பிரதர், 11ஐ மட்டும் பிய்த்து வாக்குத்தத்த அட்டையில் போட்டதுதான் வினை. 28ஆம் அதிகாரத்திலிருந்து ஆரம்பியுங்கள். 2 வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான் பொய்த் தீர்க்கதரிசி அனனியா. எரேமியாவோ பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு 70 வருஷம் என்று கடிதம் எழுதுகிறார். அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்புவதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்குத்தான் 29:5-7: வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. நோக்கம் புரியட்டும், பிறகு வாழலாம் என்று அங்கே சொல்லவில்லை. "பட்டணத்தின் சமாதானம்" பெங்களூரில் என்னவென்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கன்னடம் பழகுவதுகூட அதில் வரலாம்.

"மூன்று மாசத்தில் கர்த்தர் கதவைத் திறப்பார்" என்று தேதி குறித்து மட்டும் ஜெபிக்காதீர்கள். அது அனனியா வேலை. தேதி தவறினால் தம்பி நம்மை விடமாட்டான், தேவனைத்தான் விடுவான்.

ஜெயநகர்_சிஸ்டர்:
முதல் கூட்டத்தில் போதனையே வேண்டாம். சங்கீதம் 13, மொத்தமே 6 வசனம். 1-2 முறையீடு, 3-4 விண்ணப்பம், 5-6 நம்பிக்கை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, இதே வரிசையில் சொந்த ஜெபத்தை எழுத 15 நிமிஷம் விடுங்கள். கடைசிப் பகுதி வராவிட்டால் காலியாகவே இருக்கட்டும். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். யாராவது வாசித்த மறுநொடியே "சகலமும் நன்மைக்கே" என்கிற ரோமர் 8:28ஐத் தூக்கிக்கொண்டு வருகிற அண்ணன் எல்லாக் குழுவிலும் உண்டு, அவரைக் காபி போட அனுப்பிவிடுங்கள். எல்லாம் இழந்த யோபைப் பார்க்க வந்த சிநேகிதர்களும் வாய் திறக்காத அந்த 7 நாள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

சிவாஜிநகர்_கத்தோலிக்கன்:
எங்கள் பக்கமிருந்து ஒன்று. 1548இல் அச்சான இயேசு சபை நிறுவனர் புனித இஞ்ஞாசியாரின் "ஆன்மீகப் பயிற்சிகள்" நூலில் ஒரு விதி: மனம் வறண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. மாற்றாதே என்றால் சும்மா இரு என்றல்ல. செபத்தையும் ஆன்ம சோதனையையும் (தன் மனதைத் தானே ஆராய்வது) கூட்டச் சொல்கிறது அடுத்த விதி. ராத்திரி 1 மணிக்கு "பெங்களூரே வேண்டாம்" என்று தோன்றுவதை இறைத்திட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனம் தெளிந்த நாட்களிலும் அதே எண்ணம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இரண்டு வாரம் போனால் விதியெல்லாம் பேசாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இங்கே பெங்களூரில்தான் இருக்கிறது.

அல்சூர்_ஜெபக்குழு:
சங்கீதம் 13, எரேமியா 28-29 இரண்டையும் ஒரே கூட்டத்தில் முடிக்கலாமா?

ஜெயநகர்_சிஸ்டர்:
வேண்டாம். சங்கீதம் முதலில். எரேமியா அடுத்த வாரம்.