பழைய நாஸ் பெட்டியில் டெபியன் நிறுவல்: கெர்னல் தொடங்கியதும் மௌனம்

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு வட்டுகள் பொருத்தக்கூடிய பழைய வீட்டு நாஸ் (வலைப்பின்னல் வழிச் சேமிப்பகம்) பெட்டி ஒன்றுக்கு ஃபெர்ம்வேர் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால், அதில் டெபியன் 12 லினக்ஸின் ஆர்மெல் (பழைய ஆர்ம் செயலிகளுக்கான) பதிப்பை நிறுவ முயன்றுகொண்டிருக்கிறேன். (டெபியன் 13-இல் ஆர்மெலுக்கு நிறுவி கிடையாது.) உள்ளே இருப்பது மார்வெல் கிர்க்வுட் செயலி, நினைவகம் 256 எம்பி.

திரை இணைப்பு இல்லாத பெட்டி என்பதால், 3.3 வோல்ட் சீரியல் கேபிளைப் பலகையின் ஊசிகளில் இணைத்து, 115200 வேகத்தில் யூ-பூட் (கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) செய்திகளைப் பார்க்கிறேன். டிஎஃப்டிபி (வலைப்பின்னல் வழிக் கோப்புப் பரிமாற்றம்) வழியாகக் கெர்னலும் (இயங்குதளத்தின் கரு) இனிட்ஆர்டியும் (தொடக்கத்துக்கான தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) சிக்கலின்றி ஏறுகின்றன. செக்சமும் (கோப்பு சிதையவில்லை எனக் காட்டும் சரிபார்ப்பு எண்) சரியென்றே வருகிறது. ஆனால், கெர்னல் விரிக்கப்பட்டுத் தொடங்குவதாக அறிவித்த கணத்திலிருந்து ஒரு வரிகூட வருவதில்லை.

இந்தப் பழைய யூ-பூட் டிவைஸ் ட்ரீயை (பலகையின் வன்பொருள் விவரப் பட்டியல்) கெர்னலிடம் தனியாகக் கையளிக்காது என்பதால், அந்தப் பட்டியலின் இருமக் கோப்பான டிடிபியைக் கெர்னலின் வாலில் ஒட்டி, எம்கேஇமேஜ் கருவி மூலம் யூ-பூட்டுக்கேற்பப் பொதிந்தேன். என் மாடலுக்கென டிடிபி இல்லாமையால், அதே செயலியுள்ள வேறொரு பெட்டியின் கோப்பை எடுத்துக்கொண்டேன். முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஆயினும், சீரியல் போர்ட் செயலிக்குள்ளேயே இருப்பதால், பலகை வேறானாலும் நாலைந்து வரிகளாவது வந்திருக்க வேண்டாமா? கெர்னலின் கன்சோல் அளவுருவில் டிடிஒய்எஸ்0 (முதல் சீரியல் போர்ட்), 115200 என்றே கொடுத்திருக்கிறேன்.

கெர்னல் விரியும்போது இனிட்ஆர்டி இருக்கும் இடத்தை மேலெழுதிவிடுகிறதா, அல்லது டிடிபி ஒட்டியதில் பிழையா என்பதைப் பிரித்தறியும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிர்க்வுட் பெட்டியில் வெற்றி கண்டவர்கள் கெர்னலையும் இனிட்ஆர்டியையும் தாங்கள் ஏற்றிய நினைவக முகவரிகளைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். பெட்டியின் நிலையான நாண்ட் நினைவகத்தில் இதுவரை எதையும் எழுதவில்லை. ஆகவே துணிந்து சோதிக்கலாம்.